துருப்பிடித்த மரையும் அவசரப்பட்ட கையும்

அப்பாவின் றலி சைக்கிளின் இடப்பக்க மிதியைப் பழுதாக்கியவன் நானேதான். முப்பது ஆண்டுகளாகப் பிறரது தவறுகளைப் பத்திரிகையில் எழுதி வந்தவன், ஒருமுறையேனும் தன் தவறை எழுதுவதில் நியாயம் உண்டு.

1995 ஒக்ரோபர் இடம்பெயர்வின்போது எங்கள் வீட்டுப் பெட்டிகளைச் சுமந்து தென்மராட்சிக்குச் சென்ற சைக்கிள் அது. அப்பா காலமான பின்னர் பின்வளவுக் கொட்டிலில் கிடந்தது. கடற்கரையை அண்டிய ஊர் எங்களுடையது; உப்புக்காற்று எந்த இரும்பையும் விட்டுவைப்பதில்லை. அண்மையில் அதைத் திருத்தி ஓட்ட ஆசை வந்தது. மிதி அசையவில்லை. ஸ்பானரைப் பொருத்தி, அதன் நுனியில் இரும்புக்குழாய் ஒன்றைச் செருகி, என் முழுப் பாரத்தையும் கொடுத்தேன். 'டக்' என்றொரு சத்தம். வெற்றி என்று நினைத்துக் குனிந்து பார்த்தால், ஸ்பானர் பிடிக்கும் இரு தட்டைப் பக்கங்களும் உருண்டுபோயிருந்தன.

சந்தியில் சைக்கிள் திருத்தும் முதியவரிடம் கொண்டு சென்றேன். ஒரு கணம் பார்த்துவிட்டுச் சொன்னார்: "தம்பி, இடப்பக்க மிதிக்கு மரை மற்றப்பக்கமல்லோ. நீங்கள் கழட்டேல்லை, இன்னும் இறுக்கிப் போட்டியள்."

மிதிக்கும்போது தானாகக் கழன்றுவிடாதிருக்க, இடப்பக்க மிதிக்கு மரையை எதிர்த்திசையில் வெட்டியிருப்பார்கள். பத்து வயது முதல் சைக்கிள் ஓட்டிய எனக்கு இது தெரிந்திருக்கவில்லை.

"எப்ப வந்து எடுக்கலாம் அண்ணை?"

"ரெண்டு மூண்டு நாள் கிடக்கட்டும்."

மூன்றாம் நாள் வேலையைப் பார்க்க நானும் போயிருந்தேன். அதற்குள் கம்பித் தூரிகையால் துருவைச் சுரண்டி, மரையின் இரு முனைகளிலும் காலையும் மாலையும் எண்ணெய் விட்டு, சிறு சுத்தியலால் மெல்லத் தட்டி வைத்திருந்தார். அன்று எண்ணெயைத் துடைத்துவிட்டு, சைக்கிளை வெளியே எடுத்து, மிதி பூட்டியிருந்த இரும்புத் தண்டை ஊதுவிளக்கால் சூடாக்கினார். சூடான மரையோரத்தில் மெழுகுதிரியை வைத்ததும் மெழுகு உருகி உள்ளே இழுபட்டது. பின்னர் உருண்ட பக்கங்களை அரத்தால் மீண்டும் தட்டையாக்கி, அதற்கு அச்சொட்டாகப் பொருந்தும் சிறிய ஸ்பானரை மாட்டினார். சற்று இறுக்கி, சற்றுத் தளர்த்தி, மீண்டும் இறுக்கித் தளர்த்தி... ஒரு கிரீச்சொலியுடன் மிதி கழன்றது. கேட்ட கூலி ஐந்நூறு ரூபா.

இந்தக் கைவேலையின் பின்னால் திடமான அறிவு இருக்கிறது. துரு, தான் பிறந்த இரும்பைவிடக் கூடிய இடத்தை அடைத்துக்கொள்ளும். ஆகவே மரையின் இடுக்கில் அது ஆப்பு வைத்ததுபோல் இறுகிவிடுகிறது. சூடு இரும்பை விரியச்செய்து அந்தப் பிடியை உடைக்கும். எண்ணெய் மயிரிழை இடைவெளியினூடே ஊர்ந்து செல்லும். ஊர்வதற்கு நேரம் வேண்டும். 1953 இல் அமெரிக்காவில் உருவாகி இன்று நம்மூர் இரும்புக்கடைகளிலும் விற்கும் டபிள்யூ.டி.-40 திரவத்தின் பெயருக்கு 'நீரை விலக்கும் 40ஆவது முயற்சி' என்பதே பொருள். அதைத் தெளித்த மறுநிமிடமே ஸ்பானரை எடுப்பவர்கள் அந்த நாற்பதை நினைத்துக்கொள்ளலாம்.

பெரும்பாலான நட்டுகளையும் திருகாணிகளையும் கெடுப்பது துருவைவிட முதலில் பட்ட கையே என்பது என் கருத்து. பழைய பிரித்தானியச் சைக்கிளின் அரை அங்குல நட்டு 12.7 மில்லிமீற்றர், 13 மில்லிமீற்றர் ஸ்பானர் பொருந்துவதுபோலத் தோன்றி, மூலைகளைத் தின்றுவிடும். ஜப்பானிய மோட்டார் சைக்கிள்களின் எஞ்சின் மூடியில் உள்ள சிலுவைத்தலைத் திருகாணிகள் பிலிப்ஸ் வகை போலவே இருக்கும். ஆனால் அவற்றின் அளவு வேறு. பிலிப்ஸ் திருப்புளி நழுவித் தலையை வழித்துவிடும். பல திருகாணிகளின் தலையில் அடையாளமாக ஒரு சிறு புள்ளிகூட உண்டு. அதைப் பார்க்க அரை நிமிடம் போதும். அந்த அரை நிமிடம்தான் நம்மிடம் இல்லை.

"வெட்டி எறிந்துவிட்டுப் புதிதைப் போடுங்கள், நேரம்தான் பணம்" என்பார்கள். அதில் உண்மை இல்லாமலில்லை. துருவேறிய நட்டை வெட்டுவதே புத்தியான சந்தர்ப்பங்கள் உண்டு. நட்டின் விலை அற்பம். ஆனால் எஞ்சினின் அலுமினிய உடலுக்குள் ஆணி முறிந்துபோனால், பழுதாவது எஞ்சின். புதிதைப் போடும் வழி எப்போதும் திறந்திருப்பதுமில்லை. தொண்ணூறுகளின் பொருளாதாரத் தடைக்குள் யாழ்ப்பாணத்தைச் சைக்கிளில் ஓடவைத்தவர்கள் இத்தகைய மனிதர்களே. ஜாம் போத்தல் விளக்குக்கே மண்ணெண்ணெய் அருமையாயிருந்த அந்த நாட்களில், ஒரு நட்டை ஊறவைப்பதற்கும் கணக்குப் பார்த்தார்கள். பின்னர் 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட தனியார் வாகன இறக்குமதி 2025 பெப்ரவரியில்தான் மீண்டது. அந்த ஐந்தாண்டுகளும் நாடு பழைய வாகனங்களைக் கழற்றிப் பூட்டியே காலம் தள்ளியது.

அப்படியிருந்தும் கழற்றுபவருக்கு நாம் கொடுக்கும் கூலி பூட்டிய பொருளின் விலையைப் பார்த்தே அமைகிறது. அவர் காத்திருந்த நேரம் கணக்கில் வருவதில்லை. 'ரெண்டு நாள் கிடக்கட்டும்' என்பவரைச் சோம்பேறி என்கிறோம். உடனே சுத்தியலைத் தூக்குபவரைக் கெட்டிக்காரர் என்கிறோம். இந்நிலையில் எந்த இளைஞன் பொறுமையான வழியைப் பழக விரும்புவான்? தொழிற்பயிற்சி நிலையங்கள் பூட்டுவதைப் போலவே கழற்றுவதையும் ஒரு தனிப் பாடமாகக் கற்பிக்க வேண்டும். நாமும் கூலி கொடுக்கும்போது அந்த இரண்டு நாட்களையும் சேர்த்துக் கொடுக்கப் பழக வேண்டும்.

நான் ஆயிரம் ரூபாவை நீட்டினேன். அவர் மீதி ஐந்நூறைத் திருப்பித் தந்துவிட்டார். புதிய மிதியைப் பூட்டுமுன் அதன் மரைக்குக் கிறீஸ் பூசினார். எதற்கென்று கேட்டேன்.

"பேந்து கழட்டப் போறவன் கஷ்டப்படக் கூடாதெல்லே தம்பி."