பாதக்குறடும் சீமோன் வீடும்

மதுரை மறைப்பணியின் தந்தை எனப் போற்றப்பெறும் இராபர்ட் தெ நோபிலி அடிகளாரைப் பற்றிக் கருத்தரங்குகளில் பேசப்படும்போதெல்லாம் காவியுடை, சந்தனம், பூணூல், புலால் மறுப்பு, சமஸ்கிருதப் புலமை என எல்லாம் வரிசையாக வந்துவிடுகின்றன. 'பண்பாட்டுமயமாதலின் முன்னோடி' என்ற பட்டமும் சூட்டப்படுகிறது. அவர் தோல் காலணியை விலக்கி மரப் பாதக்குறடு அணிந்தார் என்பதும் அப்புகழுரையில் இடம்பெறத் தவறுவதில்லை. ஆம்பூரிலும் பேரணாம்பட்டிலும் வாணியம்பாடியிலும் இராணிப்பேட்டையிலும் நாம் யார் முன் நின்று இதனைச் சொல்கிறோம்? பச்சைத்தோலைச் சுண்ணாம்பில் ஊறவைத்து, மயிர் நீக்கி, சதை வழித்து, குரோமியத்தில் பதனிட்டுப் பிழைக்கும் மக்கள் முன். காலணித் தொழிற்சாலைகளில் நாளெல்லாம் தைக்கும் பெண்கள் முன். அவர்கள் கைபட்ட பொருள் ஒரு துறவியின் காலுக்குத் தீட்டாயிற்று என்பதை அவர்களிடமே பெருமையாகக் கூறுகிறோம்.

நோபிலியின் விசுவாசத்தை நாம் ஐயுறவில்லை. 1606-இல் அவர் மதுரை வந்தபோது, அங்குப் பல்லாண்டு உழைத்திருந்த கொன்சாலோ பெர்னாண்டஸ் அடிகளாரின் போதனையை உள்ளூரார் 'பரங்கி மார்க்கம்' என்று ஒதுக்கி வைத்திருந்தனர். அத்தடையை உடைக்க நோபிலி தம் மொழியையும் உணவையும் உடையையும் துறந்தார். தமிழில் ஞானோபதேசம் எழுதினார். உடன்பணியாளரே அவர்மீது குற்றஞ்சாட்டினர். 1619-இல் கோவாவில் விசாரணையைச் சந்தித்தார். பின்னாளில் மதுரையில் சிறைப்பட்டார். பார்வை மங்கி, 1656-இல் மயிலாப்பூரில் இறந்தார். இத்தகைய தன்மறுப்பு நம்மில் எவருக்கு உண்டு? ஆயினும், அவர் துறந்தவற்றுக்கான விலையை அவரே கொடுத்தார். அவர் ஏற்றுக்கொண்ட தீட்டுக்கான விலையைக் கொடுத்தவர்கள் வேறு மக்கள். 1640-இல் பல்தசார் தா கோஸ்தா அடிகளார் பண்டார சுவாமியாகப் பணியேற்றார். ஒடுக்கப்பட்டோரிடம் வெளிப்படையாகச் செல்ல இவ்வாறு தனியொரு குருக்கள் வகுப்பே தேவைப்பட்டது.

'அக்காலச் சூழல் அப்படி' என்பர் சிலர். அக்காலத்தவரான திருத்தந்தை 15-ஆம் கிரகோரியே இதற்கு மறுமொழி தந்துள்ளார். 1623-இல் பூணூலுக்கும் குடுமிக்கும் இசைவளித்த அதே ஆவணத்தில், குலப்பெருமை கொண்டோர் எளியோரை இகழ வேண்டாம், குறிப்பாகக் கோவிலில் இறைவார்த்தை கேட்பதிலும் அருட்சாதனம் பெறுவதிலும் விலகி நிற்க வேண்டாம் என்று அவர் மன்றாடினார். இசைவை இறுகப் பற்றிக்கொண்ட நாம் மன்றாட்டை மறந்துவிட்டோம்.

இன்னும் பின்னோக்கிச் செல்வோம். திருச்சபையின் முதல் மேய்ப்பராகிய புனித பேதுரு யோப்பாவில் பல நாள் தங்கியது யார் வீட்டில்? தோல் பதனிடும் சீமோன் வீட்டில். தோல் பதனிடும் இடம் ஊரிலிருந்து ஐம்பது முழம் தள்ளி இருக்கவேண்டும் என்பது யூத மரபின் விதி. சீமோனின் வீடும் கடலோரத்தில்தான் இருந்தது. தூயது எது, தீட்டு எது என்ற காட்சி பேதுருவுக்கு எருசலேம் ஆலயத்தில் அருளப்படவில்லை. அந்த வீட்டு மாடியில் அருளப்பட்டது. அங்கிருந்து புறப்பட்டுத்தான் அவர் கொர்னேலியுவின் வீட்டு வாசலை மிதித்தார். பிற இனத்தாருக்குத் திருச்சபை கதவு திறந்ததற்கு முன்னுரை எழுதியது தோல்நாற்றம் வீசிய ஒரு வீடு! (நம் குருமடத்து விவிலிய வகுப்புகளில் கொர்னேலியுவுக்கு மூன்று நாள் ஒதுக்குவார்கள், சீமோன் ஒரு முகவரியாக மட்டும் கடந்துபோவார்.)

இது பழங்கதை அன்று. 2008-இல் எறையூரில், தலித் கத்தோலிக்கர் தனிப்பங்கு கேட்டதையொட்டி எழுந்த கலவரத்தில் காவல்துறையின் துப்பாக்கிச்சூட்டில் இருவர் மாண்டனர். 2016-இல் இந்திய ஆயர் பேரவை தலித் மக்கள் மேம்பாட்டுக்கான கொள்கை ஆவணத்தை வெளியிட்டது. ஆவணம் வந்துவிட்டது, நம் பங்குகளின் நிலை என்ன? கல்லறைத் தோட்டத்துக்கு எத்தனை வாயில்கள்? திருவிழாத் தேர் எந்தத் தெருவோடு திரும்பிவிடுகிறது? பங்குக் குருவுக்கு எந்த வீட்டிலிருந்து உணவு வருகிறது, எந்த வீட்டிலிருந்து வருவதில்லை? இவற்றுக்கு நாம் வாய்திறந்து விடை கூறும்வரை, பாதக்குறட்டைப் புகழும் கருத்தரங்கு எதையும் ஆம்பூரில் நடத்த வேண்டாம்.