முகாமுக்குப் போன பிள்ளைகள்

மே மாதம் பிறந்தால் சித்தூரில் மாங்காய் லாரிகள் கூழ் ஆலைகளுக்கு முன்னால் வரிசை கட்டும். திருப்பதியில் லட்டு வரிசை இன்னும் நீளும். இரண்டு ஊர்களிலும் சர்ச் வளாகங்களில் பந்தல் எழும்பும். விடுமுறை வேதாகமப் பள்ளி என்பது முழுப்பெயர். பிள்ளைகளைக் கேட்டால் வி.பி.எஸ். என்றுதான் சொல்வார்கள். கையை ஆட்டிப் பாடும் பாட்டு, ஒரு கதை, ஒரு மனப்பாட வசனம், கலர் காகிதத்தில் ஒரு கைவேலை, நடுவே பிஸ்கட். பத்து நாட்கள் போனதும் ஒரு நிறைவு விழா, பரிசு. பாட்டு தெலுங்கிலும் இருக்கும், தமிழிலும் இருக்கும். எல்லை மாவட்டத்தில் அது சகஜம்.

இதன் பிறப்பிடம் நியூயார்க். 1898இல் எலைசா ஹாஸ் என்ற பெண்மணி, தெருவில் திரிந்த பிள்ளைகளுக்காக ஒரு பீர் விடுதியின் கூடத்தை வாடகைக்கு எடுத்து ஆரம்பித்தார். ஞாயிறுகளில் சாராயம் விற்காத இடம் சும்மா கிடந்ததாலா, வாடகை மலிவாக இருந்ததாலா என்று தெரியாவிட்டாலும் யோசனை பலித்துவிட்டது.

இந்த முகாம்களை நடத்துபவர்களும் எதிர்ப்பவர்களும் ஒரு விஷயத்தில் ஒத்துப்போகிறார்கள். பத்து நாளில் ஒரு குழந்தையின் மனதைத் திருப்பிவிடலாம் என்று இரு தரப்பும் நம்புகிறது. ஒருவருக்கு அது நம்பிக்கை, மற்றவருக்கு அது பயம். மாற்று மருந்தும் முகாம்தான். திருமலை திருப்பதி தேவஸ்தானம் 'சுபப்ரதம்' என்ற பெயரில் மாணவர்களுக்குக் கோடை வகுப்புகள் நடத்தியிருக்கிறது. ஆர்.எஸ்.எஸ். ஆண்டுதோறும் பயிற்சி முகாம் போடுகிறது. திராவிடர் கழகத்தாரும் சளைத்தவர்கள் அல்ல. வல்லத்தில் குழந்தைகளுக்கென்றே 'பழகு முகாம்'. கடவுள் உண்டென்பவரும் இல்லையென்பவரும் கோடை விடுமுறையை மட்டும் வீணடிப்பதில்லை.

ஆனால் விதைத்ததுதான் முளைக்குமா? இந்த மண்ணிலேயே அதற்கு ஒரு சாட்சி உண்டு.

1896இல் திருத்தணியிலிருந்து எட்டு வயதுப் பையன் ஒருவன் திருப்பதிக்குப் படிக்க வந்தான். அப்பா ஜமீனில் சிறிய வருவாய்த் துறை உத்தியோகம். தெலுங்குப் பிராமணக் குடும்பம். சேர்ந்ததோ ஜெர்மானிய ஹெர்மன்ஸ்பர்க் லுத்தரன் மிஷன் பள்ளி. வேங்கடவன் மலையடிவாரத்தில் பைபிள் பாடம்! 1900இல் வேலூரில் ஆற்காடு மிஷன் நடத்திய ஊரீஸ் கல்லூரி, 1904இல் சென்னை கிறிஸ்தவக் கல்லூரி. ஆக மொத்தம் பன்னிரண்டு ஆண்டுகள். பத்து நாள் முகாம் எம்மாத்திரம்?

அந்தப் பையன் சர்வபள்ளி ராதாகிருஷ்ணன். அவர் கிறிஸ்தவர் ஆகவில்லை. ஆனால் அந்தப் பன்னிரண்டு ஆண்டுகள் அவரைச் சும்மாவும் விடவில்லை. மிஷன் ஆசிரியர்கள் இந்து மதத்தை விமர்சித்த விதம் தன்னைப் புண்படுத்தியது என்றும், அந்தக் குத்தல்தான் தன் மதத்தில் உயிருள்ளது எது, செத்துப்போனது எது என்று தேட வைத்தது என்றும் பின்னாளில் அவரே எழுதினார். விவேகானந்தரின் பேச்சு தந்த பெருமிதம் ஒருபக்கம், வகுப்பறை தந்த அவமானம் மறுபக்கம். இரண்டுக்கும் நடுவே உட்கார்ந்து படித்தார்.

வேதாந்தத்தில் ஒழுக்கவியலுக்கு இடமே இல்லை என்பது அன்று மிஷனரிகளின் வழக்கமான குற்றச்சாட்டு. அதற்குப் பதிலாகத்தான் தன் எம்.ஏ. ஆய்வுரையை எழுதினார். 1908இல் அது புத்தகமாகவும் வந்தது. அவருக்கு வயது இருபது. ஆசிரியர் ஏ. ஜி. ஹாக் ஸ்காட்லாந்துக்காரர், மிஷனரி. மாணவன் தன் தரப்பையே எதிர்த்து வாதாடியிருக்கிறான். ஹாக் கோபிக்கவில்லை. பாராட்டிச் சான்றிதழ் தந்தார். இப்படி ஒரு ஆசிரியர் கிடைப்பது எந்த மதத்தின் முகாமிலும் அபூர்வம்.

1926இல் அதே மாணவர் ஆக்ஸ்ஃபோர்டின் மான்செஸ்டர் கல்லூரிக்குப் போய் இந்து வாழ்க்கை நோக்கைப் பற்றிச் சொற்பொழிவாற்றினார். அதுவும் கிறிஸ்தவக் கல்லூரிதான். திருப்பதியில் ஆரம்பித்த வாக்குவாதம் அங்கே கடல் கடந்து திரும்பிப் போயிற்று.

முகாம் பலிக்கவே பலிக்காது என்றும் சொல்லிவிட முடியாது. 1886 கோடையில் அமெரிக்காவின் மௌண்ட் ஹெர்மனில் பிரசங்கி மூடி கூட்டிய மாணவர் முகாமில் 251 பேர். நான்கு வாரங்கூட நிறைவதற்குள் நூறு பேர் அயல்நாட்டு ஊழியத்துக்குப் போகத் தயார் என்றார்கள். அவர்களைத் தூண்டிவிட்ட ராபர்ட் வைல்டர் நம் கோலாப்பூரில் பிறந்தவர். நூறு பேரில் ஒருவரான ஜான் மாட் 1946இல் அமைதிக்கான நோபல் பரிசு பெற்றார். அந்த அலையில் 1896இல் இந்தியா வந்தவர் ஷெர்வுட் எடி. ஒய்.எம்.சி.ஏ.வில் அவருக்கு நெருங்கிய நண்பரானவர் திருநெல்வேலிச் சீமை வெள்ளாளன்விளையின் வி. எஸ். அசரியா.

இந்த அசரியா 1912இல் தெலுங்கு நாட்டின் தோர்னக்கல்லுக்குப் பேராயரானார். ஆங்கிலிக்கன் சபையின் முதல் இந்தியப் பேராயர். அதற்கு இரண்டு ஆண்டுகள் முன்பு எடின்பர்க் மாநாட்டில் வெள்ளைக்கார மிஷனரிகளை நேருக்கு நேர் பார்த்து, தியாகம் செய்கிறீர்கள் சரி, எங்களை நண்பர்களாக நடத்துகிறீர்களா என்ற தொனியில் கேட்டுவிட்டார். அவையில் பலருக்கு அது கசந்தது. தலைமை வகித்தவர் மாட். முகாமின் பேரப்பிள்ளை முகாமின் பிள்ளையைக் கேள்வி கேட்டது என்று வைத்துக்கொள்ளலாம்.

மதனப்பள்ளியில் 1895இல் பிறந்த ஜே. கிருஷ்ணமூர்த்தியின் கதை இன்னும் விசித்திரம். அவரை உலக குருவாக்க ஓர் அமைப்பு, அதற்கு ஹாலந்தின் ஓமனில் ஆண்டுதோறும் கோடை முகாம். 1929 ஆகஸ்ட் 3 அன்று, அன்னி பெசன்ட் பார்த்துக்கொண்டிருக்க, சுமார் மூவாயிரம் பேர் முன்னால், அமைப்பையே கலைப்பதாக அறிவித்தார் குரு.

எல்லாப் பிள்ளைகளும் ராதாகிருஷ்ணனோ கிருஷ்ணமூர்த்தியோ ஆகப்போவதில்லை. பெரும்பாலோருக்கு வசனம் மறந்துபோகும். மேடையில் முதல்முதலாக மைக்கைப் பிடித்தபோது கால் நடுங்கியது மறக்காது. வேறு தெருப் பிள்ளையோடு ஒரே தட்டில் சாப்பிட்டது மறக்காது. 'உன் சாமி பொய்' என்று ஒரு அண்ணன் போகிறபோக்கில் சொல்லியிருந்தால் அதுவும் மறக்காது. பெற்றோர் கவலைப்பட வேண்டியது அங்கேதான். அரசு அங்கீகாரமோ உதவியோ பெறும் பள்ளியில் மைனர் பிள்ளையை மத போதனையில் உட்கார வைக்கப் பாதுகாவலரின் சம்மதம் வேண்டும் என்கிறது அரசியல் சட்டத்தின் 28ஆம் பிரிவு. முகாம் நடத்துபவர்கள், எந்தக் கொடியின் கீழ் நடத்தினாலும், அந்த நாகரிகத்தைக் கடைப்பிடித்தால் என்ன கெட்டுவிடும்?

1948-49இல் பல்கலைக்கழகக் கல்விக் குழுவுக்கு ராதாகிருஷ்ணன் தலைமை ஏற்றபோது திருப்பதி வகுப்பறை அவர் மனதில் இருந்திருக்க வேண்டும். மத போதனை வேண்டாம், மதங்களைப் பற்றிய படிப்பு வேண்டும் என்றது அறிக்கை. வகுப்பு தொடங்குமுன் சில நிமிட மௌனம். பட்டப்படிப்பின் முதல் ஆண்டில் புத்தர், சாக்ரடீஸ், இயேசு, சங்கரர், ராமானுஜர், முகமது நபி, கபீர், நானக், காந்தி ஆகியோரின் வாழ்க்கை. இரண்டாம் ஆண்டில் எல்லா மத நூல்களிலிருந்தும் பகுதிகள். அறிக்கையின் மற்ற யோசனைகளில் பல்கலைக்கழக மானியக் குழு பிறந்தது. இந்த யோசனை மட்டும் பெரும்பாலும் காகிதத்தோடு நின்றுவிட்டது.