அவள் தலையில் அந்தப் பாரம் எதற்கு?

சென்ற மாதம் உறவினர் ஒருவரைப் பார்த்து வர முண்டியம்பாக்கம் போயிருந்தேன். விழுப்புரத்துக்கும் விக்கிரவாண்டிக்கும் நடுவே, சென்னை–திருச்சி சாலையில் உள்ள ஊர். முன்பெல்லாம் சர்க்கரை ஆலையைச் சொல்லித்தான் அந்த ஊரை அடையாளம் காட்டுவார்கள். 2010-இல் அரசு மருத்துவக் கல்லூரி வந்த பிறகு, சுற்று வட்டாரத்தில் யாருக்கு என்ன நேர்ந்தாலும், "முண்டியம்பாக்கத்துக்குக் கொண்டு போ" என்பதுதான் பேச்சு.

வார்டுக்கு வெளியே பெஞ்சியில் ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். பள்ளிக்கூடச் சீருடை, மடியில் ஒரு தூக்கு. பதினான்கு வயது இருக்கும்.

"யாருக்கம்மா உடம்பு சரியில்லை?" என்று பேச்சுக் கொடுத்தேன்.

"அப்பாவுக்கு." சற்று நேரம் பேசாமல் இருந்தாள். பிறகு தணிந்த குரலில், "அவர் குடிப்பாருக்கா. எல்லாம் என்னாலேதான்" என்றாள்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. "உன்னாலேயா?"

"காலாண்டுப் பரீட்சையிலே கணக்கிலே மார்க் குறைஞ்சு போச்சு. அன்னியிலேருந்துதான் ரொம்பக் குடிச்சார். முந்தாநாள் பாட்டிலை எடுத்து நான் கொட்டிட்டேன். வேறே வாங்க அவர்கிட்டே காசு இல்லே. நேத்துக் காலையிலே கை நடுங்கிச்சு. ராத்திரி வலிப்பு வந்துடுச்சு."

பார்த்தீர்களா? அப்பா குடித்ததும் தன்னால். குடியை நிறுத்தி ஆஸ்பத்திரிக்கு வந்ததும் தன்னால். இரண்டு குற்றங்களையும் அந்தக் குழந்தை தன் தலையிலேயே ஏற்றிக்கொண்டுவிட்டாள்!

விஷயம் என்னவென்றால், வருஷக்கணக்காகத் தினமும் குடிப்பவரின் மூளை மதுவுக்கு ஏற்றபடி தன்னை மாற்றி அமைத்துக்கொண்டுவிடுகிறது. திடீரென்று அது கிடைக்காமற் போனால் கை நடுங்கும், வியர்த்துக் கொட்டும், தூக்கம் போய்விடும். சிலருக்கு ஓரிரண்டு நாளில் வலிப்பு வரும். இரண்டு மூன்று நாளில், இல்லாத உருவங்கள் கண்ணில் தெரியும், நினைவு தடுமாறும். உயிருக்கே ஆபத்தாகவும் முடியலாம். ஆகவே, நாட்பட்ட குடியை டாக்டரின் மேற்பார்வையில்தான் நிறுத்த வேண்டும். வீட்டில் பூட்டி வைத்து நிறுத்துகிற காரியம் அல்ல இது.

இன்னொரு தவறையும் சொல்லிவிடுகிறேன். "குடிப்பவருக்குத் தெரியாமல் சாப்பாட்டில் கலந்து கொடுங்கள்" என்று மருந்து விளம்பரங்கள் வருகின்றன அல்லவா? குடியை மறக்கச் செய்ய டாக்டர்கள் கொடுக்கும் மாத்திரைகளில் டைசல்ஃபிராம் என்று ஒன்று உண்டு. அதைச் சாப்பிட்டவர் குடித்தால் வாந்தி வரும், நெஞ்சு படபடக்கும், ரத்த அழுத்தம் இறங்கும். விஷயம் தெரிந்து, சம்மதித்துச் சாப்பிட வேண்டிய மருந்து அது. தெரியாமல் சாம்பாரில் கலந்துவிட்டால் வேறு விபரீதம் வந்து சேரும்.

இதே ஆஸ்பத்திரிக்கு 2023 மே மாதம் மரக்காணத்தை அடுத்த எக்கியார்குப்பத்திலிருந்து பலரைத் தூக்கி வந்தார்கள். 2024 ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்திலிருந்தும் சிலர் வந்தார்கள். குடித்தது மெத்தனால் கலந்த விஷச் சாராயம். கள்ளக்குறிச்சியில் மட்டும் இறந்தவர்கள் 60 பேருக்கு மேல். தாய் தகப்பனை இழந்த குழந்தைகளின் படிப்புச் செலவை அரசாங்கம் ஏற்பதாக அறிவித்தது; நல்ல காரியம். ஆனால் துக்கம் கேட்க வருகிறவர்கள், "வீட்டிலே யாரும் தடுக்கலையா?" என்று ஒரு வார்த்தை கேட்டுவிட்டுப் போகிறார்களே, அது அந்தக் குழந்தைகளின் மனத்தில் எத்தனை வருஷம் குத்திக்கொண்டிருக்கும்!

கணவரைக் குடிக்குப் பறிகொடுத்த சாந்தி ரங்கநாதன் 1980-இல் சென்னையில் ஒரு சிகிச்சை நிலையத்தைத் தொடங்கினார். டி.டி.கே. ஆஸ்பத்திரி என்று பெயர் பெற்றது அது. குடித்தவருக்கு மட்டுமன்றி, மனைவி மக்களுக்கும் அங்கே ஆலோசனை உண்டு. அமெரிக்காவில் 1935-இல் குடியை விட்டவர்கள் தங்களுக்குள் ஒரு கூட்டுறவு கண்டார்கள். 1951-இல் அவர்களுடைய குடும்பத்தாருக்காக 'அல்-அனான்' தோன்றியது. 1957-இல் இளம் பிள்ளைகளுக்கென்றே 'அலட்டீன்' வந்தது. அங்கே முதற்பாடமே இதுதான்: இந்த வியாதியை நீ உண்டாக்கவில்லை, உன்னால் அடக்கவும் முடியாது, குணப்படுத்தவும் முடியாது.

அப்படியானால் வீட்டில் நாம் என்ன செய்யலாம்? அப்பாவைத் தேடிக் கடைவாசலுக்குக் குழந்தையை அனுப்பாதிருக்கலாம். கடன்காரர் வந்தால், "அப்பா ஊரிலே இல்லை" என்று அவள் வாயால் பொய் சொல்ல வைக்காதிருக்கலாம். இரவில் ரகளை என்றால் அவள் போய்ப் படுக்க அத்தை வீட்டையோ அடுத்த வீட்டையோ முன்கூட்டியே சொல்லி வைக்கலாம். கணவரிடம் பேச வேண்டியதைப் போதை தெளிந்த காலை வேளையில் பேசலாம். போதை மறுவாழ்வுக்கு 14446, குழந்தைகளுக்கு 1098, அடி உதை என்றால் பெண்களுக்கு 181. இந்த எண்களைக் காலண்டர் ஓரத்தில் எழுதி வையுங்கள். சிகிச்சைக்குப் பிறகும் சிலர் மறுபடி வழுக்கி விழுவதுண்டு. அது உங்கள் தோல்வி அல்ல. மறுபடியும் டாக்டரிடம் அழைத்துப் போக வேண்டிய வேளை, அவ்வளவுதான்.

இதையெல்லாம் அந்தப் பெண்ணிடம் என்னால் இயன்றவரை எளிதாகச் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அப்போ, கணக்கிலே மார்க் குறைஞ்சது?" என்றாள்.

"கணக்கிலே மார்க் குறைஞ்சா கணக்கைப் படி. அப்பாவை டாக்டர் பார்த்துக்குவார்."

கொஞ்சம் சிரித்தாள். உள்ளேயிருந்து அவள் அம்மா வந்து தூக்கை வாங்கிக்கொண்டு, "நீ பள்ளிக்கூடம் போ கண்ணு, நான் பார்த்துக்கறேன்" என்றாள்.

அந்த ஒரு வார்த்தையைத்தான் அவள் இத்தனை நாளும் எதிர்பார்த்திருந்தாள் என்று எனக்குத் தோன்றியது. பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, பஸ் நிறுத்தத்தை நோக்கி ஓட்டமும் நடையுமாகப் போனாள்.