தவளை தப்பில்ல, எறியுற இடம்தான் தப்பு

"விராலுக்கு எந்த லூர் பெஸ்ட்டு?" சின்னமனூர் பக்கம் எந்தக் கண்மாய்க்கரையில உக்காந்தாலும் இதே பஞ்சாயத்துதான். ரப்பர் தவளைதான் அண்ணே, சந்தேகமே வேணாம். முள்ளு ரெண்டும் முதுகோட ஒட்டியிருக்கும், ஆகாயத்தாமரைக்குள்ள இழுத்தாலும் சட்டுனு மாட்டாது. விராலோ காத்து குடிக்க மேல வர்ற ஜாதி. தலைக்கு மேல எது துள்ளினாலும் பாயும்.

என் கடுப்பு அதுல இல்ல. செக்கச்செவேல்னு குஞ்சுக் கூட்டம் தண்ணி மேல கொதிக்கிற மாதிரி தெரியும் பாருங்க, சரியா அது நடுவுல தவளையை எறியுறாங்களே... அதுலதான்! கீழ காவல் நிக்கிற தாயும் தகப்பனும் பசிக்கா கடிக்குதுக? குஞ்சைத் தொட வந்தவனை விரட்டுதுகய்யா. அதைத் தூக்கிப் புடிச்சு "லூர் சூப்பர்"னு போட்டோ வேற. காவல் போச்சுன்னா கெளுத்திக்கும் ஜிலேபிக்கும் விருந்துதான்.

கனடாவுல, ஒன்டாரியோவுல, பாஸ் மீன் குஞ்சு காக்குற பருவத்துல பல ஏரிகள்ல அதைப் பிடிக்கவே தடை. இங்க கேட்டா "எல்லாரும் பண்றாய்ங்க"ம்பாய்ங்க.

நானும் ஒரு ஐப்பசியில அப்படி ஒண்ணரைக் கிலோ தூக்கினவன்தான். மறுநா போய்ப் பார்த்தேன். அந்தச் செவப்பைக் காணோம்.