உறவுமுறைச் சொற்களும் படிமலர்ச்சி ஏணியும்

தமிழரின் உறவுமுறைச் சொற்களைக் குழுமணக் காலத்தின் எச்சமாக 1877இல் 'பண்டைச் சமூகம்' நூலில் மோர்கன் கொண்டார். அத்தகைய ஒருவழிப் படிமலர்ச்சி ஒப்பீட்டைப் போவாசு 1896இலேயே கேள்விக்குள்ளாக்கினார். நம் ஆய்வாளர் பலரோ குறிஞ்சி, முல்லை, மருதத்தையும் அவ்வேணியின் படிகளாக அடுக்குவதை இன்னும் விட்டாரில்லை. திணைகள் சமனற்ற வளர்ச்சியுடன் ஒருங்கே நிலவியமையைச் சிவத்தம்பி காட்டிய பின்னும் இந்நிலை!

மும்பையின் ஆண்டாப் ஹில்லில் நடுவணரசு ஊழியர் குடியிருப்பும் குடிசைப் பகுதியும் அருகருகே உள்ளன. இவ்விரண்டில் எது முந்திய படி? அங்கு வாழும் தமிழர் தாயுடன் பிறந்தானையும் மாமனாரையும் 'மாமா' என்றே விளிப்பர்; தந்தையுடன் பிறந்தாளும் மாமியாரும் 'அத்தை'யே. மாமன் மகள், அத்தை மகன் மண உறவே இச்சொல்லமைப்பின் அடிப்படை என 1953இல் லூயி துமோன் விளக்கினார். பெருநகரில் இன்றும் வழங்கும் சொல்லை எச்சம் என்போர், எதன் எச்சம் என்பதற்குச் சான்று காட்டுதல் வேண்டும்.