மனப்பாடமா? 'மக் அப்'பா?

"மக் அப் பண்ணியாச்சாடி?"

தேர்வு நாட்களில் ஸ்ரீரங்கத்திலிருந்து வரும் பஸ்ஸில் நாங்கள் ஒருவரையொருவர் கேட்டுக்கொள்ளும் முதற் கேள்வி இதுதான். காவிரிப் பாலத்தில் தொடங்கும் முணுமுணுப்பு பள்ளி வாசல்வரை ஓயாது. ஆற்றில் தண்ணீர் வந்திருக்கிறதா என்று எட்டிப் பார்க்கக்கூட எங்களுக்கு நேரமில்லை.

இச்சொற்றொடர் எங்கிருந்து வந்தது என ஆராயப் புகுந்தோம். 19ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்து மாணவர்கள் தமக்குள் வழங்கிய கொச்சைச் சொல் இது. குறுகிய நேரத்தில் ஒரு பாடத்தை முயன்று படித்துக்கொள்வதே அங்கே இதன் பொருள். புரியாமல் வரிக்கு வரி ஒப்பிப்பது என்ற பொருள் நம் நாட்டில்தான் அழுத்தமாக ஒட்டிக்கொண்டது. 'மக்' என்றால் கொச்சையில் முகம் என்றும் பொருளுண்டு. ஆகவே ஆங்கில நாடக மேடையில் முகத்துக்குச் சாயம் பூசுவதும் 'மக் அப்'தான். அமெரிக்க மீனவர்களுக்கோ வேலைக்கு நடுவே உண்ணும் சிற்றுண்டியும் காப்பியும் 'மக் அப்'! இங்கிலாந்தில் எளிதில் ஏமாறுபவனையும் 'மக்' என்பர். நம் 'மக்கு'க்கும் அதற்கும் உறவில்லை. ஆயினும் பொருத்தத்தை எண்ணிச் சிரித்தோம்.

அந்தச் சிரிப்பு நீடிக்கவில்லை. அரையாண்டுத் தேர்வில் 'நான் சென்ற சுற்றுலா' என்று ஓர் ஆங்கிலக் கட்டுரை. விடைத்தாள்களுடன் வந்த சிஸ்டர், "ஊட்டிக்குப் போயிருப்பவர்கள் கை தூக்குங்கள்" என்றார். மூன்று கைகள் உயர்ந்தன. "ஆனால் முப்பத்தெட்டுப் பேர் போயிருக்கிறீர்களே! ஒரே நாளில், ஒரே மழையில், ஒரே குடையில்!"

வகுப்பு சிரித்தது, பிறகு தலை குனிந்தது. எங்கள் வீட்டு மொட்டைமாடியில் நின்றால் மலைக்கோட்டை தெரியும். அதைப் பற்றிச் சொந்தமாக ஐந்து வரி எழுத எங்களுக்குத் தோன்றவில்லையே! பூசிய சாயம் கரைந்து முகம் வெளிப்பட்டது போலிருந்தது.

அப்படியானால் மனப்பாடமே கூடாதா? அவ்வாறு நாங்கள் சொல்லவில்லை. ஸ்ரீரங்கம் கோயிலில் மார்கழியில் அத்யயன உற்சவம் நடக்கும். அரையர்கள் நாலாயிர திவ்யப் பிரபந்தப் பாசுரங்களைத் தாளமிட்டுப் பாடி, அபிநயம் பிடித்து, பொருளும் சொல்வார்கள். தலைமுறை தலைமுறையாக வந்த மனப்பாடம் அது. பொருளை விட்டுவிட்ட மனப்பாடமன்று. பவணந்தி முனிவரின் நன்னூலும் பாடத்தைப் போற்றுவதோடு நிறுத்தவில்லை; கேட்டதைச் சிந்திக்கவும், ஆசிரியரிடம் ஐயம் கேட்கவும் சொல்கிறது.

இன்னொன்று. முற்காலத்தில் சொற்பொருள் கூறும் நிகண்டுகள் செய்யுளாகவே இருந்தன. அவற்றை உருப்போட்டவர்க்கே சொற்செல்வம். இத்தாலியிலிருந்து வந்து, நமக்கு அருகிலுள்ள ஏலாக்குறிச்சியில் தங்கித் தொண்டாற்றிய வீரமாமுனிவர், 1732இல் சதுரகராதியை அகரவரிசையில் அமைத்தார். வேண்டிய சொல்லை வேண்டியபோது தேடி எடுக்க வழி பிறந்தது. நெஞ்சில் நிறுத்த வேண்டியது வேறு. தேடிக்கொள்ளக் கூடியது வேறு. அந்த வேறுபாட்டைத்தான் நாம் மறந்துவிட்டோம்.

பொதுத் தேர்வு நெருங்கும் வேளையில் இப்படி எழுத எங்களுக்கே சற்று அச்சந்தான். சொந்த நடையில் எழுதினால் பிழைகள் வரும், மதிப்பெண்ணும் குறையலாம். அன்புப் பெற்றோரே, "எத்தனை மார்க்?" என்று கேட்கும் நீங்கள், "என்ன புரிந்தது?" என்றும் ஒருமுறை கேளுங்கள். மதிப்பிற்குரிய சிஸ்டர்களே, எங்கள் பிழைகளைத் திருத்துங்கள். ஆனால் பிழையோடு முயன்றவளைப் பிழையின்றி ஒப்பித்தவளுக்குக் கீழே வைத்துவிடாதீர்கள்.

தோழியரே! செய்யுளையும் சூத்திரத்தையும் வாய்பாட்டையும் பொருளுணர்ந்து மனத்தில் இருத்துவோம். கட்டுரையை நாமே எழுதுவோம். இன்று மாலை பஸ் பாலத்தில் ஏறும்போது ஐந்து நிமிடம் புத்தகத்தை மூடிவைத்துக் காவிரியைப் பார்ப்போம். அடுத்த கட்டுரைக்கு அது உதவும்.

— பத்தாம் வகுப்பு மாணவி