ஸ்குவாட் போட்டா கை பெருக்குமா?

ஜிம் பசங்க கிட்ட அடிக்கடி கேக்குற வசனம் இது: "மச்சி, லெக் டே மிஸ் பண்ணாத. ஸ்குவாட் போட்டா டெஸ்டோஸ்டிரோன் ஏறும், அதுல கையும் சேர்ந்து பெருக்கும்." காமர்ஸ்காரனுக்கு இந்த ஆராய்ச்சி எதுக்குன்னு கேக்காதீங்க. வரவு எவ்வளவு, கையில எவ்வளவு நேரம் தங்குதுன்னு பாக்குறது தானே எங்க பொழப்பு :-)

வசனத்துல பாதி உண்மை. கனமா எடை தூக்கினா டெஸ்டோஸ்டிரோனும் வளர்ச்சி ஹார்மோனும் ஏறத்தான் செய்யும். ஆனா சுமார் ஒரு மணி நேரத்துல பழைய அளவுக்கே இறங்கிடும்.

அந்தக் கொஞ்ச நேர ஏற்றத்தால லாபம் உண்டா? கனடாவுல மெக்மாஸ்டர் பல்கலைக்கழகத்துல சோதிச்சுப் பார்த்து 2010ல வெளியிட்டாங்க. 12 இளைஞர்கள், 15 வாரம். ஒரு கைக்கு வெறும் கைப் பயிற்சி மட்டும். இன்னொரு கைக்கு வேறொரு நாள் அதே பயிற்சி, முடிச்ச கையோட கடுமையான கால் பயிற்சி. அன்னைக்கு ரத்தத்துல ஹார்மோன் எகிறுச்சு. ஆனா ரெண்டு கையும் ஒரே மாதிரி தான் வளர்ந்துச்சு, வலுவும் ஒரே மாதிரி தான் கூடுச்சு. எந்தத் தசை பாரம் தாங்குதோ அது தான் வளரும், அதுக்குச் சாப்பாடும் தூக்கமும் வேணும்.

இதை ஏன் இவ்வளவு பேசுறேன்னா, "எல்லாம் ஹார்மோன்" என்கிற நம்பிக்கை தான் முதல்ல பூஸ்டர் டப்பாவுலயும் அப்புறம் ஊசியிலயும் கொண்டு போய் விடுது. ஊசி வேலை செய்யாதுன்னு நான் சொல்லல. 1996ல வெளிவந்த அமெரிக்க ஆய்வுல வாரம் 600 மில்லிகிராம் ஊசி போட்டாங்க. 10 வாரத்துல, உடற்பயிற்சியே செய்யாம ஊசி மட்டும் போட்டவங்களுக்குக் கொழுப்பில்லாத எடை சுமார் 3 கிலோ கூடுச்சு. ஊசி இல்லாம எடை தூக்கினவங்களுக்கு சுமார் 2 கிலோ தான். ஆனா நம்ம உடம்பு தினமும் சுரக்குறது சில மில்லிகிராம் மட்டுமே. வெளியில இருந்து இவ்வளவு கொட்டினா, "போதும்"னு பிட்யூட்டரி சுரப்பி உத்தரவை நிறுத்திடும். விரைகள் சுருங்கும், விந்தணு குறையும். ஊசியை நிறுத்தினாலும் பழைய நிலைக்குத் திரும்ப மாசக்கணக்குல ஆகலாம். இருபது வயசுல இப்படி ஒரு கடன் தேவையா?

தோழிகளுக்கும் ஒரு வார்த்தை. எடை தூக்கினா ஆம்பளை மாதிரி ஆயிடுவோம்னு பயப்படாதீங்க. பெண்களோட டெஸ்டோஸ்டிரோன் ஆண்களோடதுல பத்துல ஒரு பங்கு கூட இருக்காது. டம்பெல் தூக்குறதால அந்தக் கணக்கு மாறாது.

பெருமையா பேச வேண்டிய ஹார்மோன் இன்சுலின். வேலை செய்யுற தசை இன்சுலினுக்குக் காத்திருக்காமலே ரத்தத்துல இருக்குற சர்க்கரையை இழுத்துக்கும். பயிற்சி முடிஞ்ச பிறகும் பல மணி நேரம், அதே அளவு இன்சுலின் கூடுதலா வேலை செய்யும். வீட்டுக்கு ஒருத்தர் சுகர் மாத்திரை போடுற நம்ம ஊர்ல இதை விடப் பெரிய லாபம் எது?

அதனால லெக் டேயை விடாதீங்க, காலுக்காக. ஊசியை யாராவது நீட்டினா மட்டும் அந்த ஜிம்மையே மாத்துங்க.